பதினைந்து பேரை எந்த வழியில் எடுப்பது? ஒரு கோவைத் தொழிற்சாலைக்கான ஒப்பீடு

கோயம்புத்தூரின் கணபதியிலோ குறிச்சித் தொழிற்பேட்டையிலோ 120 பேர் வேலை செய்யும் ஒரு பம்ப் உதிரிபாகத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். புதிய ஆர்டர் உறுதியாகிவிட்டது. பன்னிரண்டு சி.என்.சி. (கணினி வழி இயங்கும் கடைசல் எந்திர) ஆபரேட்டர்கள், இரண்டு தரப் பரிசோதகர்கள், கொள்முதல் கணக்குக்கு ஒருவர் எனப் பதினைந்து பேர் மூன்று மாதத்துக்குள் தேவைப்படுகிறார்கள். முதலாளியிடம் நான்கு யோசனைகள் வருகின்றன. ஷிப்ட் மேற்பார்வையாளர் தம் ஊர்ப் பையன்கள் ஐந்தாறு பேர் தயாராக இருப்பதாகச் சொல்கிறார். ஒப்பந்தக்காரர் ஒருவர் திங்கட்கிழமை காலையிலேயே பன்னிரண்டு பேரையும் கொண்டுவந்து நிறுத்துவதாக வாக்களிக்கிறார். கட்டணத்துக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சி நடத்தும் ஒருவர் விண்ணப்பங்களைக் கட்டாக அனுப்புகிறார். பக்கத்து ஐ.டி.ஐ.யின் பயிற்சி அலுவலர், படிப்பு முடித்த மாணவர்களை அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்கிறார்.

இந்த நான்கையும் ஒப்பிடும்போது செலவு, வேகம், திறமை ஆகிய மூன்றையும் எல்லோரும் பார்க்கிறார்கள். அவற்றோடு நான்காவதாக ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. அப்படி வருகிற ஆள், தமக்கு வேலை கிடைத்ததற்கு யாருக்குக் கடன்பட்டவராக உணர்வார்? பல ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் இருந்து ஆட்களின் வரவையும் போக்கையும் பதிவேட்டில் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் மூன்று கேள்விகளுக்கும் நல்ல விடை தந்த ஏற்பாடுகள் பலவும் இந்த நான்காவது கேள்வியில்தான் சரிந்தன.

மனிதவளத் துறை என்று இன்று நாம் அழைக்கும் ஏற்பாடு இந்தியாவில் உருவானதே இந்தக் கேள்வியிலிருந்துதான். இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் தம் ஊருக்கு வந்து, உறவினருக்கும் ஊராருக்கும் முன்பணம் கொடுத்து, கூட்டமாக அழைத்துச் சென்றார். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் ஒரு சிறு தொகை அவருக்குக் கிடைத்தது. ஒரு கூட்டம் தோட்டம் மாற வேண்டுமானால், இன்ன தொகைக் கடனை அடைத்தால் இவர்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். புதிய தோட்டம் அக்கடனை அடைக்கும். கடன் ஆட்களின் தலைமேலேயே ஏறிக் கூடவே போகும். 1921-இல்தான் இலங்கை அரசு துண்டு முறையைச் சட்டத்தால் ஒழித்தது. தொழிலாளி உழைத்தது தோட்டத்துக்கு, கட்டுப்பட்டதோ கங்காணிக்கு.

ஆலைகளிலும் இதே நிலைதான் இருந்தது. சென்னையில் மேஸ்திரி, பம்பாயில் ஜாபர், கல்கத்தாவில் சர்தார் என்று பெயர் மட்டும் மாறியது. ஆளை எடுப்பவரும் வேலை வாங்குபவரும் நீக்குபவரும் ஒருவராகவே இருந்ததால், வேலைக்குச் சேரவும் சேர்ந்த வேலையைக் காத்துக்கொள்ளவும் தொழிலாளி அவருக்குக் கையூட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. 1929-இல் ஜே.எச். விட்லி தலைமையில் அமைக்கப்பட்ட இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணையம், 1931-இல் அளித்த அறிக்கையில், ஆள் எடுக்கும் அதிகாரத்தையும் நீக்கும் அதிகாரத்தையும் ஜாபரிடமிருந்து எடுத்து, நிர்வாகத்துக்கு நேரடியாகப் பொறுப்பான தொழிலாளர் அலுவலர் ஒருவரிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு, 500 பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. 1975 வாக்கில் மேலாண்மைப் பேராசிரியர்கள் உதய் பாரீக், டி.வி. ராவ் ஆகியோரின் பரிந்துரையின்பேரில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் மனிதவள மேம்பாட்டுக்கெனத் தனித் துறை அமைத்தது. துறையின் பெயர் இப்படி மாறிக்கொண்டே வந்தாலும், 120 பேர் கொண்ட நம் தொழிற்சாலையில் அது இன்னமும் டைம் ஆபீஸ்தான். ஒருவரோ இருவரோ பார்க்கும் வேலை. அதனால்தான் ஆள் எடுக்கும் அதிகாரம் கவனிப்பாரின்றி வேறு கைக்கு நழுவுவது இங்கே எளிது.

இனி ஒப்பந்தக்காரரின் யோசனையைப் பார்ப்போம். வேகத்தில் அதற்கு ஈடு இல்லை. விளம்பரம், நேர்காணல், சான்றிதழ் சரிபார்ப்பு எதுவும் தேவையில்லை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கும் அவர் பொறுப்பு என்று சொல்லப்படும். செலவு, ஆட்களின் சம்பளத்தோடு அவருடைய சேவைக் கட்டணமும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தது, அவ்வரியைப் பெரும்பாலும் உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தொழிற்சாலை கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆர்டர் குறைந்தால் ஆட்களைத் திருப்பி அனுப்பலாம் என்பது முதலாளிகளை அதிகம் ஈர்க்கும் காரணம்.

ஆனால் பொறுப்பு உண்மையில் கைமாறுவதில்லை. ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளியே, அதாவது ஆட்கள் வேலை செய்யும் தொழிற்சாலையே, கொடுத்துவிட்டு, பிறகு அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அச்சட்டம் 20 பேர் முதல் பொருந்தியது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் அவ்வரம்பை 50 ஆக்கியதோடு, நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை ஈடுபடுத்துவதைச் சில விலக்குகளோடு தடை செய்தது. பம்ப் உதிரிபாகம் கடையும் தொழிற்சாலையில் சி.என்.சி. எந்திரத்தை ஓட்டுவது மையப் பணி அல்ல என்று யாரும் வாதிட முடியாது. பன்னிரண்டு பேர் என்பதால் எண்ணிக்கை வரம்புக்குள் வரமாட்டோம் என்று ஒருவர் சொல்லலாம். சட்டத்தின் எழுத்து அதற்கு இடம் கொடுத்தாலும், அதன் நோக்கத்தை மதிக்கிற முதலாளி அப்படிக் கணக்குப் பார்க்கமாட்டார் என்றே நான் நம்புகிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பொங்கல் விடுமுறைக்குப் பிறகு நடந்தது இன்றும் என் நினைவில் இருக்கிறது. ஒப்பந்தக்காரருக்கும் நிர்வாகத்துக்கும் கட்டண உயர்வில் ஒத்துப்போகவில்லை. விடுமுறை முடிந்த காலையில் அவருடைய ஆட்களில் ஒருவர்கூட வரவில்லை. அவர்களை அவர் வேறொரு தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்விட்டார். ஓராண்டுக்கு மேலாக எங்கள் எந்திரங்களில் நின்ற அவர்களில் பாதிப் பேரின் முழுப் பெயர்கூட எங்கள் பதிவேட்டில் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கு முன்பணம் கொடுத்தவரும், தங்க அறை பார்த்துக் கொடுத்தவரும், ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரும் ஒப்பந்தக்காரர்தான். நாங்கள் யார் அவர்களுக்கு? கங்காணியின் துண்டுச் சீட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் காலை எனக்கு நினைவுக்கு வருகிறது.

மேற்பார்வையாளர் சொன்ன தெரிந்தவர் வழிக்கு வருவோம். செலவு அநேகமாக ஏதுமில்லை. சேருபவர் வேலையைப் பற்றி முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறார். வெப்பம், இரவு ஷிப்ட், கூலன்ட் நாற்றம் எதுவும் அவருக்கு அதிர்ச்சி தருவதில்லை. அழைத்துவந்தவரின் மானம் இடையில் நிற்பதால் திடீரென்று நின்றுவிடவும் தயங்குவார். கோவையின் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் பெரும்பாலும் இப்படித்தான் வளர்ந்தன என்பதை மறுக்க முடியாது. சிற்றப்பாவோடு பட்டறைக்கு வந்த பையன் பிறகு தனிப் பட்டறை வைத்த கதை இந்த ஊரில் தெருவுக்கு ஒன்று உண்டு.

இவ்வழியின் குறை நிர்வாகத்தின் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. ஒருவருக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவருடைய ஊரும் சாதியும் சார்ந்தவர்கள். மேற்பார்வையாளர் தாம் அழைத்துவந்தவர்களுக்கே நல்ல எந்திரத்தையும் ஓ.டி.யையும் (கூடுதல் நேர வேலையையும்) கொடுக்கத் தொடங்கினால், 1931-இன் அறிக்கை எதை நீக்கச் சொன்னதோ அது ஒரு ஷிப்டுக்குள் மறுபடி உருவாகிவிடும். முகம் தெரியாத இடத்திலேயே சாதி எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செய்தித்தாள் விளம்பரங்களுக்கு ஒரே அளவு தகுதியுள்ள விண்ணப்பங்கள் பெயரை மட்டும் மாற்றி அனுப்பப்பட்டன. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டபோது, அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. விளம்பரம் கொடுத்துத் தேடும் நிறுவனங்களிலேயே இப்படி என்றால், விளம்பரமே இல்லாமல் வாய்ச்சொல்லால் நிரப்பப்படும் இடங்களின் கதவு எத்தனை பேருக்கு இருப்பதே தெரியாமல் போகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெண்களின் நிலையும் இதுவே. லேத் ஷாப்பில் ஆண்களே இருக்கும்போது அவர்கள் அழைத்துவருவதும் ஆண்களைத்தான், ஐ.டி.ஐ.யில் எந்திரப் பிரிவு படித்த பெண்ணுக்குச் செய்தி போய்ச் சேருவதே இல்லை.

ஆகவே தெரிந்தவர் மூலம் பெயர்கள் வருவதை நான் வரவேற்கிறேன். தெரிந்தவர் என்பதாலேயே வேலை கொடுப்பதை ஏற்கவில்லை. பெயரைச் சொல்லும் உரிமை எல்லாத் தொழிலாளருக்கும் இருக்கட்டும். தேர்வு செய்யும் இடத்தில் மட்டும் சொன்னவர் உட்காரக் கூடாது.

கன்சல்டன்சி, இணையதளம் ஆகிய மூன்றாவது வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். கன்சல்டன்சிகள் வழக்கமாகக் கேட்பது ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம். மாதம் 25,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஒருவரை எடுத்தால் 25,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 29,500 ரூபாய் ஆகும். கொள்முதல் கணக்குக்கு ஒருவரைத் தேட இது தகும். பன்னிரண்டு ஆபரேட்டர்களுக்கு இதே கணக்கில் மூன்றரை லட்சம் ரூபாய் கொடுப்பது வீண். 1997-இல் நௌக்ரி என்ற வேலைவாய்ப்பு இணையதளம் தொடங்கிய காலத்திலிருந்து அலுவலக வேலைகளுக்கு ஆள் தேடுவது எவ்வளவோ எளிதாகிவிட்டது, ஆனால் வந்து குவியும் விண்ணப்பங்களைச் சலிப்பதே தனி வேலையாகிவிட்டது. அப்படிச் சலிக்கும் வேலையை எந்திரத்திடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமேசான் நிறுவனத்தின் அனுபவம் போதும். பழைய விண்ணப்பங்களைக் கொண்டு பழக்கிய அதன் தேர்வு மென்பொருள் பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டதையும், அந்நிறுவனம் அதைக் கைவிட்டதையும் 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது.

இங்கே பலரும் மறந்துவிடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். 25 பேருக்குக் குறையாத தனியார் நிறுவனங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அங்கிருந்து வருபவரையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் துறை முகாம்களையும் கட்டணமின்றி நடத்துகின்றன. கன்சல்டன்சிக்குப் பணம் கட்டும் முன், தரப் பரிசோதகர் இடங்கள் இரண்டையும் அங்கே அறிவித்துப் பார்ப்பதில் இழப்பு ஏதுமில்லை.

நான்காவது வழி அப்ரண்டிஸ். அரசின் சொல்லில் தொழிற்பழகுநர். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 30 பேருக்குக் குறையாத நிறுவனம் தன் மொத்தப் பணியாளரில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களை எடுத்தாக வேண்டும். நம் 120 பேர் தொழிற்சாலைக்குக் குறைந்தது 3 பேர் கட்டாயம், அதிகபட்சம் 18 பேர் வரை அனுமதி. உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் மூலம் மத்திய அரசு ஏற்கிறது. டர்னர், மெஷினிஸ்ட் பிரிவுகளில் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், தொழிற்சாலையின் தளத்தில் தொழிற்சாலையின் ஆட்களிடமே கற்கிறார். ஓராண்டு முடிவில் அவருடைய கைத்திறமை, நேரம் தவறாமை, பொறுமை எல்லாம் மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருக்கும். எந்த நேர்காணலும் இவ்வளவைக் காட்டாது. நான்காவது கேள்விக்கான விடையும் இங்கேதான் தெளிவாக இருக்கிறது: அவருக்கு இடையில் யாரும் இல்லை.

இதன் முதல் குறை வேகம். பன்னிரண்டு எந்திரங்களையும் மூன்று மாதத்தில் தனியாக ஓட்டும் நிலைக்குப் புதிய பையன்கள் வரமாட்டார்கள். கற்றுக்கொடுக்க மூத்த ஆபரேட்டர் இருவருடைய நேரமும் போகும், தொடக்கத்தில் வெட்டுமுனைகளான இன்செர்ட்டுகள் உடையும், ரிஜெக்‌ஷன் ஏறும். இரண்டாவது குறை முதலாளிகளின் பக்கம் உள்ளது. தொழிற்பழகுநர் சட்டப்படி தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவர். பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டும் என்ற பொதுக் கட்டாயமும் இல்லை. இதைப் பயன்படுத்தி ஆண்டுதோறும் ஒரு கூட்டத்தை எடுத்து, முழு வேலை வாங்கி, ஆண்டு முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்தை எடுக்கும் இடங்கள் இருக்கின்றன. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் ஓராண்டை இப்படி எடுத்துக்கொள்வது தவறு. தொழிலுக்கும் அது நட்டமே: பழக்கிய கையை வாசலோடு அனுப்பிவிட்டு, பழக்காத கையோடு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம்.

எந்த வழியில் வந்தவராக இருந்தாலும், தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே இந்த ஒப்பீட்டில் நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது. பணியாளர் தேர்வு முறைகளை நூறாண்டு ஆராய்ச்சி அளந்து பார்த்திருக்கிறது. ஆய்வாளர்கள் ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998-இல் தொகுத்த கணக்கில், வேலை அனுபவ ஆண்டுகளுக்கும் பிற்காலச் செயல்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.18 மட்டுமே (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). சாக்கெட் குழுவினர் 2022-இல் அக்கணக்குகளைத் திருத்தி வெளியிட்டபோது, எல்லோருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் இடும் நேர்காணல் 0.42, வேலையைச் செய்துகாட்டச் சொல்லும் தேர்வு 0.33, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணல் 0.19 என்று வந்தது. நம் ஊரில் ஆள் எடுப்பது பெரும்பாலும் எத்தனை வருட அனுபவம் என்ற கேள்வியிலும், எந்த ஊர் என்று தொடங்கும் பேச்சிலும் முடிந்துவிடுகிறது. பயன் குறைந்த இரண்டையே நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சி.என்.சி. ஆபரேட்டரைத் தேர்ந்தெடுக்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு டிராயிங்கைக் கொடுத்து, எந்த அளவுக்கு டாலரன்ஸ் (அனுமதிக்கப்படும் கூடுதல் குறைவு) நெருக்கமானது என்று காட்டச் சொல்லலாம். முடித்த புஷ் (உருளை வடிவ உதிரிபாகம்) ஒன்றைக் கொடுத்து, வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரிலும் உள்விட்டத்தைப் போர் டயல் கேஜிலும் அளந்து எழுதச் சொல்லலாம். பிறகு எந்திரத்தின் முன் நிறுத்தி, அளவு ஏறி வந்தால் ஆஃப்செட்டை (எந்திரத்தில் பதிந்த வெட்டுமுனை நிலைத் திருத்தத்தை) எந்தப் பக்கம், எவ்வளவு திருத்துவார் என்று செய்துகாட்டச் சொல்லலாம். இதற்கு ஒரு மணி நேரம் போதும். அரை நாளுக்கு மேல் நிற்கவைத்தால் அன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். தேர்வு என்ற பெயரில் இலவச உழைப்பு வாங்குவது முறையல்ல. மதிப்பெண் இடும் இருவரில் ஒருவர் வேறு ஷிப்டைச் சேர்ந்தவராக இருந்தால், அழைத்துவந்தவரின் செல்வாக்கு அங்கே நுழையாது.

இவற்றையெல்லாம் வைத்து, நம் தொழிற்சாலைக்கு நான் சொல்லும் முடிவு இது. பன்னிரண்டு ஆபரேட்டர் இடங்களில் ஆறை இப்போதே அனுபவமுள்ளவர்களைக் கொண்டு நேரடிச் சம்பளப் பட்டியலில் நிரப்ப வேண்டும். தொழிலாளர்கள் சொல்லும் பெயர்கள், வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்புபவர்கள், வாசலில் ஒட்டும் அறிவிப்பைப் பார்த்து வருபவர்கள் எல்லோரும் ஒரே எந்திரத் தேர்வை எழுதட்டும். மீதி ஆறு இடங்களுக்கு எட்டுத் தொழிற்பழகுநர்களை எடுத்து, ஆண்டு முடிவில் தேர்ச்சி பெறுபவர்களில் ஆறு பேருக்கு நிரந்தர வேலை என்று சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும். அதுவரை அந்த எந்திரங்களை ஓ.டி. கொண்டும், ஆர்டரில் ஒரு பகுதியை வெளிப் பட்டறையில் கடைந்து வாங்கியும் சமாளிப்பதற்கு ஆகும் கூடுதல் செலவை, ஆள் பழக்கும் செலவாகவே கணக்கில் எழுத வேண்டும். பரிசோதகர்கள் இருவரில் ஒருவரையாவது உள்ளிருக்கும் மூத்த ஆபரேட்டர்களிலிருந்து உயர்த்தலாம். கணக்குக்கு மட்டும் இணையதளம். அது கைகொடுக்காவிட்டால் கன்சல்டன்சி.

ஆர்டர் கொடுத்தவர் காலக்கெடுவைத் தளர்த்த மறுத்து, ஒப்பந்தக்காரரைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையும் வரலாம். அப்போது எந்திரங்களைத் தொடாத வேலைகளுக்கு, அதாவது பேக்கிங், லோடு ஏற்றி இறக்குதல் ஆகியவற்றுக்கு மட்டும் அவருடைய ஆட்களை வைத்துக்கொண்டு, அங்கிருக்கும் நம் ஆட்களில் திறமையுள்ளவர்களை எந்திரத்துக்கு நகர்த்தலாம். அந்த ஒப்பந்தத்திலும் மூன்று நிபந்தனைகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. சம்பளம் ஒவ்வொருவருடைய வங்கிக் கணக்குக்கும் நேராகப் போக வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதைக் காட்டிய பிறகே அடுத்த மாதப் பில்லுக்குப் பணம் தர வேண்டும். ஒவ்வொருவரின் முழுப் பெயரும், ஊரும், வீட்டில் யாரிடம் பேச வேண்டும் என்ற எண்ணும் முதல் நாளே டைம் ஆபீஸின் பதிவேட்டில் ஏற வேண்டும். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளி நிரந்தரம் கோரலாம். ஆகவே நேரடியாகச் சேர்ந்த ஆறு பேரின் பதிவேட்டில், சேர்ந்த தேதிக்குப் பக்கத்திலேயே அந்த 480-ஆவது நாள் எது என்பதையும் நாமே கணக்கிட்டு எழுதிவைப்போம். அவர்கள் வந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.